தாட்சாயிணி வைத்த வால்

மோகனப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் வகுப்பறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் துல்லியமாகக் கேட்கும். மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டுவிடுவார்கள் என்பதுதான் காரணம். திருமழிசையைத் தாண்டி, ஒரு பக்கம் தொழிற்பேட்டையும் மறுபக்கம் வயலுமாக நிற்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் அவளிடம் திட்டு வாங்காதவர்கள் என்று தேடினால் நிறுவனரின் சிலை ஒன்றுதான் தேறும். அதையும் ஒருமுறை முறைத்துவிட்டுப் போனாள் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவள், ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா கோதண்டத்துக்கு முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு. அவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். கத்துகிற அப்பாவாக இருந்தால் பதிலுக்குக் கத்திவிடலாம். கோதண்டம் கத்தமாட்டார். எதைச் சொன்னாலும் தண்ணீர் கேட்கிற குரலில்தான் சொல்வார். சொல்லிவிட்டு, “உனக்கு ஓகேதானேம்மா?” என்று கேட்பார். இப்படிக் கேட்கிற மனிதரோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

கடைசி செமஸ்டர் தொடங்கியபோது அவர் ஒருநாள் வேலை முடிந்து வந்து, அம்பத்தூரில் ஒரு பேங்க் எக்ஸாம் கோச்சிங் சென்டரில் அவளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஏப்ரலில் முதல் திங்கட்கிழமை சாயங்கால வகுப்பு ஆரம்பம்.

“உனக்கு ஓகேதானேம்மா?”

மோகனப்பிரியா, “ம்” என்றாள்.

நாலு வருடம் ஏரோநாட்டிகல் படித்தவள், விமான இறக்கையைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் சட்டையைப் பிடிக்கப் போகிறவள், ‘ம்’ என்றாள். அந்த ‘ம்’மை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு விமானம் செய்ய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு அந்தப் போட்டி அறிவிப்பு வந்தது. நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு சிறிய விமானத்தை மாணவர்கள் வடிவமைக்க வேண்டும். தகரத்திலோ மரத்திலோ செய்து காட்ட வேண்டியதில்லை. இறக்கை எவ்வளவு நீளம், வால் எவ்வளவு அகலம், எடை எங்கே என்று கணக்குப் போட்டு ஃப்ளைட் சிமுலேட்டருக்குள் ஏற்றினால் போதும். அந்த விமானம் நிஜத்தில் எப்படிப் பறக்குமோ அப்படியே அது திரையில் பறந்து காட்டும். தப்பாகச் செய்திருந்தால் விழுந்தும் காட்டும். இறுதிச் சுற்றில் நிஜமான விமானி ஒருவர் சிமுலேட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பார். வந்திருக்கும் அத்தனை மாணவர்களிலும் ஒரே ஒருவரை அவரே பொறுக்கி எடுப்பார். அந்த ஒருவருக்குப் பெங்களூரில் ஒரு விமான வடிவமைப்பு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி.

மோகனப்பிரியாவின் திட்டம் எளிமையானது. பெங்களூரிலிருந்து கூப்பிட்டுவிட்டால் அப்பாவிடம் எதையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். மேடையில் பரிசு வாங்கும் போட்டோவை அனுப்பினால் போதும். இறுதிச் சுற்று சனிக்கிழமை, பேங்க் வகுப்பு அதற்கடுத்த திங்கட்கிழமை. அந்தச் சனிக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

அணிக்கு மூன்று பேர். மோகனப்பிரியா தலைவி, அதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். இறக்கை அவள் பொறுப்பு. வால் தாட்சாயிணியின் பொறுப்பு. தாட்சாயிணி திருமழிசைக்காரி. நிலம் பாதி தொழிற்பேட்டைக்குப் போய், மீதிப் பாதியில் இன்னும் கீரை போடுகிற குடும்பம். அவள் ஒன்றைச் சொன்னால் திருப்பிச் சொல்லமாட்டாள், மாற்றியும் சொல்லமாட்டாள். மூன்றாவது ஆள் வெற்றி என்கிற வெற்றிச்செல்வன், அம்பத்தூர். அவனுக்கு விமானத்தில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாத நிலையில் இருந்தான். போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஓ.டி. உண்டு, அதாவது வகுப்புக்கு வராமலே வந்த கணக்கு. இந்தப் புண்ணியத்துக்காக அவன் ராக்கெட் விடச் சொன்னாலும் வந்திருப்பான்.

முதல் வாரமே வாலில் சண்டை ஆரம்பித்தது.

“எதுக்குடி இவ்ளோ பெரிய வாலு? இது பிளேனா, மயிலா?” என்றாள் மோகனப்பிரியா.

“வேணும்” என்றாள் தாட்சாயிணி.

“எடை ஏறுது. ஸ்பீடு குறையுது. மத்த காலேஜ்காரங்க பிளேன் எல்லாம் ஊசி மாதிரி இருக்கும், தெரியுமா?”

“ஊசி, கைய விட்டா விழுந்துடும்.”

“ஓட்டறவன் எதுக்குடி கைய விடப் போறான்?”

“கை வலிக்கும்ல” என்றாள் தாட்சாயிணி.

மோகனப்பிரியா கத்தினாள். கத்தியும் பயனில்லை என்றதும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் வந்து கம்ப்யூட்டரில் வாலைக் குறைத்து வைப்பாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தாட்சாயிணி வந்து, தயிர்சாதத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் வாலைப் பழையபடி பெரிதாக்கிவிட்டுப் போவாள். அந்த விமானத்தின் வாலைப்போல் வளர்ந்து தேய்ந்த வால் உலகத்தில் வேறு இருக்காது. கடைசியில் வடிவமைப்பை அனுப்ப வேண்டிய நாளில், லேபில் ஏ.சி. ஓடவில்லை என்று மோகனப்பிரியா துறைத்தலைவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் தாட்சாயிணி பெரிய வாலோடு அனுப்பிவிட்டாள். மோகனப்பிரியா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தாட்சாயிணி அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்த பிரச்சினை பேச்சு. விமானி சிமுலேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது, அணியில் ஒருவர் வெளியே மேஜையில் ஹெட்ஃபோனும் மைக்கும் மாட்டிக்கொண்டு, இப்போது ஏறுங்கள், இப்போது திரும்புங்கள் என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். மோகனப்பிரியா முயற்சி செய்து பார்த்தாள். பயிற்சியில் ஓட்டிய லேப் உதவியாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டு காதைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார். தாட்சாயிணி பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் விமானம் தரையிறங்கிவிடும். மிஞ்சியவன் வெற்றிதான்.

வெற்றிக்குக் குரல் நன்றாக இருந்தது. பயம் என்பது சுத்தமாக இல்லை. ஆனால் அவன் பாஷை வேறு.

“அண்ணாத்தே, நேரா வுட்டுக்கினே போ. ஏரி தாண்டினதும் லெஃப்ட்ல ஒடி. இன்னா, புல்டிங் தெரிதா? ரைட்டு, அப்டியே வுடு.”

லேப் உதவியாளர் லெஃப்டில் ஒடித்து, உடனே ரைட்டில் ஒடித்து, கட்டடத்தின் மூன்றாவது மாடியில் போய் இடித்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சென்னையின் மேற்குப் பக்கத்தில் ‘ரைட்டு’ என்றால் சரி என்று அர்த்தம். பஸ்ஸில் ‘ரைட்டு’ என்றால் கிளம்பலாம். காரியம் கெட்டுப்போனால் தலையில் கை வைத்துக்கொண்டு ‘ரைட்டு!’ என்பார்கள். வலது பக்கம் என்கிற அர்த்தம் கடைசியாகத்தான் வரும். ‘வுடு’ இன்னும் மோசம். வண்டியை வுடு என்றால் ஓட்டு. சண்டையில் வுடு என்றால் போகட்டும். கையை வுடு என்றால்தான் கையை விடுவது. வெற்றியின் வாயில் இந்த இரண்டும் சேர்ந்தே பிறக்கும். “ரைட்டு, வுடு” என்று சொல்லாமல் அவனால் எந்தப் பேச்சையும் முடிக்க முடியாது. போனில் அம்மாவிடம்கூட அப்படித்தான் முடிப்பான்.

மோகனப்பிரியா ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் சரி என்றால் ‘சரி’. வலது என்றால் ‘வலது’. வாயில் ‘ரைட்டு’ வந்தாலோ ‘வுடு’ வந்தாலோ அந்த இடத்திலேயே பத்து தோப்புக்கரணம்.

“ரைட்டு” என்று ஒத்துக்கொண்டான் வெற்றி. அங்கேயே பத்து போட்டான்.

கேன்டீனில் போட்டான். பஸ் நிறுத்தத்தில் போட்டான். ஒருமுறை துறைத்தலைவரின் அறைக்குள் போட்டான். அவர் பக்தி என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். மார்ச் கடைசியில் அவன் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. நாக்கும் வழிக்கு வந்திருந்தது. “ஐயா, வலது பக்கம் மெல்லத் திரும்புங்கள்” என்று செய்தி வாசிப்பவர் மாதிரி சொல்ல ஆரம்பித்தான்.

சனிக்கிழமை வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியின் அரங்கில் இறுதிச் சுற்று. மேடையில் சிமுலேட்டர், ஓர் ஆட்டோவின் முன்பாதியை வெட்டி வைத்த அளவுக்கு. உள்ளே ஒரு இருக்கை, ஒரு பிடி, சுற்றிலும் திரைகள். விமானம் சாய்ந்தால் இருக்கையும் சாயும். விமானி என்ன பார்க்கிறார், கையால் என்ன செய்கிறார் என்பது அரங்கின் பெரிய திரையில் எல்லாருக்கும் தெரியும்.

விமானியின் பெயர் பால்ராஜ். விமானப் படையில் புது விமானங்களைச் சோதித்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சிரிப்பு, கோபம் எல்லாவற்றுக்கும் முகத்தில் ஒரே அமைப்புதான் வைத்திருந்தார். குரலும் ஒன்றுதான்.

“காதுல என்ன விழுதோ அத மட்டும்தான் செய்வேன்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். “நான் யோசிக்க மாட்டேன். யோசிக்க வேண்டியது நீங்க.”

முதல் அணியின் விமானத்தை ஓட்டிவிட்டு இறங்கி வந்தவர், “இந்த இறக்கைய வரைஞ்சது யாரு?” என்று கேட்டார். ஒரு பையன் பூரிப்போடு கையைத் தூக்கினான். அந்த இறக்கையில் என்னென்ன தப்பு என்று பால்ராஜ் சொல்லி முடிப்பதற்குள் அவன் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நாலாவது அணியிடம் “எடைய இங்க வச்சது யாரு?” என்றார். கையைத் தூக்கிய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். மோகனப்பிரியா மனசில் குறித்துக்கொண்டாள்: இந்த ஆள் ‘யாரு’ என்று கேட்டால் கையைத் தூக்கக் கூடாது.

இவர்கள் முறை வந்தபோது திரையில் விமானம் தோன்றியது. அரங்கில் பின்வரிசையிலிருந்து யாரோ, “வாலுக்குப் பிளேன் மாட்டியிருக்காங்கடா” என்றார்கள். சிரிப்பு எழுந்தது. மோகனப்பிரியாவுக்குக் காது சூடானது. தாட்சாயிணி மடியில் கையைக் கோத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வெற்றி அற்புதமாகத் தொடங்கினான். “ஐயா, வேகத்தைக் கூட்டுங்கள். மெல்ல மேலே தூக்குங்கள். இடது பக்கம் திரும்புங்கள்.” அவன் அம்மா கேட்டிருந்தால் யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்திருப்பார். விமானம் ஏறியது, திரும்பியது, நிமிர்ந்தது. வேகம்தான் கம்மி. மோகனப்பிரியா பல்லைக் கடித்தாள். இந்த வால் மட்டும் பாதியாக இருந்தால்!

அடுத்தது மெதுவாகப் பறக்கும் சோதனை. தாழ்வாக வந்து, விமானம் விழுவதற்குச் சற்று முன்பு வரைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இறக்கைகள் நடுங்க ஆரம்பித்தன. வெற்றி உயரத்தை வாசித்தான்: “ஆயிரத்து எண்ணூறு அடி, ஐயா.”

தப்பு. எண்ணூறுதான். பின்னால் நின்ற மோகனப்பிரியா அவன் புஜத்தில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“டேய், எண்ணூறுடா! ஆயிரம் எங்கேர்ந்து வந்துது? கண்ணைத் திறந்து படி!”

கிள்ளு வலித்ததா, இத்தனை வாரச் சட்டம் ஒரே நொடியில் மறந்துபோனதா தெரியவில்லை. வெற்றி மைக்கை மூடுவதாக நினைத்துக் காதை மூடிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பிச் சொன்னான்:

“ரைட்டு, வுடு!”

அரங்கின் ஒலிபெருக்கியில் அது நன்றாக எதிரொலித்தது. உள்ளே பால்ராஜ், “புரிஞ்சது” என்றார். பிடியை வலது பக்கம் ஒரேயடியாகச் சாய்த்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

விமானம் வலது தோளை இறக்கியது. மூக்கு கீழே போனது. திரை முழுவதும் வானம் இருந்த இடத்தில் வயல் வந்தது. வரப்பு தெரிந்தது, தென்னை மரம் தெரிந்தது, தென்னை மரத்தில் காய் தெரிந்தது. எச்சரிக்கை மணி அலறியது.

“சார்! அந்த வுடு இல்ல சார்! இது வேற வுடு!” என்று வெற்றி எழுந்து நின்று கத்தினான். எழுந்த வேகத்தில் மைக்கோடு ஹெட்ஃபோன் கழன்று மேஜைக்கு அடியில் விழுந்தது.

“புடிங்க சார்! கையால புடிங்க சார்!” என்று மோகனப்பிரியா அலறினாள். ஆவடிக்கே கேட்டிருக்கும். பால்ராஜுக்குக் கேட்கவில்லை. காதில் விழுந்தால்தானே செய்வார்? சரணடைந்தவர் மாதிரி இரண்டு கையும் மேலே வைத்துக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியாவுக்கு அந்த நொடியில் திங்கட்கிழமை தெரிந்தது. அம்பத்தூர் தெரிந்தது. மாடிப்படி ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, வட்டிக் கணக்குப் போடுகிற தன்னையே தெரிந்தது.

அப்போது விமானம் மூக்கைத் தூக்கியது.

யாரும் தூக்கவில்லை. அதுவாகத் தூக்கியது. விழ விழ வேகம் கூடியது; கூடிய வேகத்தில் காற்று அந்தப் பெரிய வாலைப் பிடித்து அழுத்தியது; வால் கீழே போனதும் மூக்கு மேலே வந்தது. சாய்ந்த இறக்கை மெல்ல நேரானது. தென்னந்தோப்பின் தலையை உரசுகிற மாதிரி போய், ஒருமுறை மேலே எழுந்து, ஒருமுறை தாழ்ந்து, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நேராகப் பறக்க ஆரம்பித்தது. பால்ராஜின் கைகள் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன.

தாட்சாயிணி கோத்திருந்த கையைப் பிரித்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

விமானத்தை இறக்கிவிட்டு பால்ராஜ் வெளியே வந்தார். மூன்று பேரையும் பார்த்தார். அதே முகம். அதே குரல்.

“இந்த வால வச்சது யாரு?”

மோகனப்பிரியா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதோ வந்துவிட்டது. எல்லாம் போச்சு. பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். அவளுக்குக் கோபமாகத்தான் வரும். நாலு மாதமாகச் சேர்ந்த அத்தனையும் ஒன்றாகப் பொங்கியது.

“நான் இல்ல சார்! இதோ இவ! தாட்சாயிணி! நாலு மாசமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார், வேணாம்டி வேணாம்டின்னு. கேட்டாளா? காலையில நான் குறைச்சு வெப்பேன், மத்தியானம் இவ வந்து திருட்டுத்தனமா பெருசாக்கி வெப்பா. நான் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து அப்படியே அனுப்பிட்டா சார்!”

“அப்போ முழுக்க இவங்க வேலைதானா?” என்றார் பால்ராஜ்.

“முழுக்க முழுக்க சார்!”

“உங்க பங்கு கொஞ்சம்கூட இல்லையா?”

“துளிகூட இல்ல சார்! இந்த வாலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது! யாரை வேணா கேளுங்க!”

பால்ராஜ் வெற்றியைப் பார்த்தார். வெற்றி பலமாகத் தலையாட்டினான். பால்ராஜ் தாட்சாயிணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ம், உக்காருங்க” என்றார். அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் பரிசளிப்பு. மோகனப்பிரியாவின் அணிக்கு ஐந்தாம் இடம். வால் கனத்தால் வேகத்தில் மதிப்பெண் போய்விட்டது. அவள் நாலு மாதமாகச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதைச் சொல்லிக்காட்டுவதற்குள் பால்ராஜ் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“பெங்களூருக்கு ஒருத்தர கூட்டிட்டுப் போகணும். இன்னிக்கு நிறைய நல்ல விமானம் ஓட்டினேன். ஒண்ணுலயும் கைய விட எனக்குத் துணிச்சல் வரல. ஒண்ணுல விடச் சொன்னாங்க. விட்டேன். உயிரோட இருக்கேன்.” அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ஓட்டுறவன் தப்புப் பண்ணுவான்னு தெரிஞ்சு செஞ்ச விமானம் அது. தாட்சாயிணி, மேடைக்கு வாங்க.”

மோகனப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துளிகூட இல்லை சார் என்று சொன்ன வாயை என்ன செய்வது? தலைவி என்ற முறையில், நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தோம் சார் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பொறாமையும் வந்தது. அதில் என்ன ஒளிவுமறைவு.

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பால்ராஜ் மைக்கை விடவில்லை.

“இன்னொரு விஷயம். முப்பது வருஷமா எத்தனையோ அணிகளப் பார்த்திருக்கேன். நல்லது நடந்தா தலைவர்தான் முதல்ல கையத் தூக்குவார். இந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, இது முழுக்க என் தோழி வேலை, எனக்குத் துளியும் பங்கு இல்லன்னு அடிச்சுச் சொல்லிச்சு. இந்தப் பெருந்தன்மைய நான் பார்த்ததே இல்ல.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மோகனப்பிரியாவை மேடைக்கு இழுத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சை நிறத்தில் ஜரிகை வைத்த பொன்னாடை. யார் யாரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பேராசிரியை கண்கலங்கினார். வெற்றி மட்டும் கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மேடைப் பக்கம் வந்தபோது பால்ராஜ், “தம்பி, நீங்க எந்த விமானத்துக்கும் பக்கத்துல போகாதீங்க” என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் வெற்றி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டான். திருமழிசைப் பக்கம் போகிற பஸ்ஸுக்குத் தாட்சாயிணியும், ஆவடி பஸ்ஸுக்கு மோகனப்பிரியாவும் நின்றார்கள்.

“தேங்க்ஸ்” என்றாள் தாட்சாயிணி.

அவ்வளவுதான், உடைந்துவிட்டது. “எதுக்குடி தேங்க்ஸ்? உன்னைப் பாராட்டினேன்னு நினைச்சியா? அந்த ஆள் திட்டப் போறார்னு நினைச்சு உன்னை மாட்டி விட்டேன்டி! நான் தப்பிச்சுக்கறதுக்காக! பெருந்தன்மையாம், மண்ணாங்கட்டி! அந்த இடம் எனக்கு வேணும்டி! எனக்குதான் வேணும்!”

பக்கத்தில் மல்லிகைப் பூ விற்றவர் கூடையை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்.

“தெரியும்” என்றாள் தாட்சாயிணி.

“தெரியுமா? தெரிஞ்சுமா தேங்க்ஸ் சொல்ற?”

“நீ கத்தறப்ப பொய் வராது. என் வேலைன்னு சொன்ன. என் வேலைதான்.” பஸ் வந்தது. தாட்சாயிணி ஏறினாள். படியில் நின்று திரும்பி, “நீ அமைதியா பேசறப்பதான் எனக்கு பயமா இருக்கும்” என்றாள். அவள் ஒரே நாளில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

ஆவடி பஸ்ஸில் கூட்டம். மோகனப்பிரியாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்னாடையை மடித்துப் பைக்குள் திணித்தாள். போன் அடித்தது. அப்பா.

“காலேஜ் குரூப்புல போட்டோ பார்த்தேன்மா” என்றார் கோதண்டம். ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார் போலிருந்தது; பின்னால் லாரிச் சத்தம். “பொன்னாடை எல்லாம் போட்டிருக்காங்க. இங்க எல்லாருக்கும் காட்டினேன். ரொம்ப சந்தோஷம்மா.”

“ம்.”

“திங்கக்கிழமை கிளாஸ் இருக்குல்ல. நானே வந்து வண்டியில விட்டுடறேன். உனக்கு ஓகேதானேம்மா?”

‘ம்’ தொண்டை வரைக்கும் வந்தது. வழக்கமாக வருகிற இடம்தான். பிறகு என்ன ஆனதோ, அது அங்கேயே நின்றுவிட்டது.

“ஓகே இல்லப்பா!”

பஸ்ஸில் பேச்சு நின்றது. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஓகே இல்ல! அன்னிக்கும் ஓகே இல்ல, இன்னிக்கும் ஓகே இல்ல! எனக்கு பேங்க் வேணாம்ப்பா! நான் பிளேன் செய்யணும். பிரைஸ் வரல. பெங்களூர் கிடைக்கல. என் கையில ஒண்ணும் இல்ல, ஒரு துண்டுதான் இருக்கு. ஆனாலும் எனக்கு அதுதான் வேணும்! நீங்க எதுக்கு எப்பப் பார்த்தாலும் ஓகேதானே ஓகேதானேன்னு கேக்கறீங்க? அப்படிக் கேட்டா நான் எப்படிப்பா இல்லைன்னு சொல்றது?”

போனில் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து சீட்டு அம்மா அவள் முழங்காலில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

“இல்லைன்னு சொல்லணும்னுதானேம்மா கேக்கறேன்” என்றார் கோதண்டம், அதே தண்ணீர் கேட்கிற குரலில். “நீ ஊர்ல எல்லாரையும் திட்டற. என்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கற. சரி, பேங்க்தான் புடிச்சிருக்கு போலன்னு நினைச்சுட்டேன். எனக்கே அந்த கிளாஸ் எடுக்கற ஆள புடிக்கல.”

மோகனப்பிரியா பையிலிருந்து பொன்னாடையின் நுனியை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பிளேன் வேலைன்னா எங்க போய்க் கேக்கணும்?” என்றார் அவர்.

“தெரியலப்பா.”

“எனக்கும் தெரியல. உக்காந்து யோசிப்போம். அழறியா?”

“இல்ல.”

“இன்னும் ஏதாவது சொல்லணும்னா வீட்டுக்கு வந்து நல்லா கத்தும்மா. இங்க லாரி சத்தத்துல பாதி விழல.”

போனை வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கிளம்பியது. இத்தனை வருடத்தில் அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஆறாவதில் சேர்த்துவிட்ட பாட்டு வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். ஆவடி வருவதற்குள் நிறைய சேர்ந்துவிட்டது.